கதவுக்கு வைத்த விருந்து

பக்கியஸின் வீட்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மார்ச் மாதத்து மழை விட்டதிலிருந்து தினமும். சாத்திவிட்டு நான்கு எட்டு வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ‘கிரீச்’ என்று ஒரு முனகல் கேட்கும். திரும்பினால் கதவு பாதி திறந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முழுவதும் திறந்து, விருந்தாளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவனைப் போலப் பக்கச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்றடித்தால் திறந்தது. காற்றில்லாவிட்டாலும் திறந்தது.

பக்கியஸ் ரோமில் தொப்பி செய்பவன். ஆட்டுமயிரைச் சீவிப் பஞ்சாக்கி, வெந்நீரில் நனைத்து, அழுத்தி அழுத்தித் தொப்பியாக்குவது அவன் தொழில். நனைக்கும்வரை அந்தப் பஞ்சு ஒரு மூச்சுக்குக்கூடப் பறக்கும். அதனால் பகலில் கதவு சாத்தியிருக்க வேண்டும். தாழ்ப்பாள் போட்டால் வாடிக்கைக்காரர்கள் கடை இல்லை என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். முட்டுக்கல் வைத்தான்; மீன்காரி ஒருத்தி தடுக்கி விழுந்து அவன் பரம்பரையையே திட்டினாள். அடியில் ஆப்பு செருகினான். மறுநாளே ஆப்பு துப்பப்பட்ட விதைபோலத் தரையில் கிடந்தது. ஒலிவ எண்ணெய் ஊற்றினான். கதவு முன்னைவிட உற்சாகமாகத் திறந்தது.

தள்ளுவது காற்றும் இல்லை, பூனையும் இல்லை, ஆளும் இல்லை. அப்புறம் எது? கையில் ஈரத் தொப்பியுடன் அவன் கதவைப் பார்த்தபடி இங்குமங்கும் நடந்தான்.

“சும்மா ஒரு இடத்துல உக்காருங்களேன்” என்றாள் ராபிரியா. “நீங்க நடக்குறதப் பாத்தா எனக்கு வயித்துக்குள்ள இருக்கறதும் நடக்குது.”

ராபிரியாவுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு குழந்தைகள், இரண்டும் வாடகை மாடி அறையில் பிறந்தவை. அங்கே நாலு குடித்தனத்துக்கு ஒரே படிக்கட்டு. சொந்த வாசல் இல்லை. பிள்ளை பிறந்த அன்று பொழுது சாய்கையில் மூன்று ஆண்கள் வாசற்படியைக் கோடாலியால் வெட்டி, உலக்கையால் இடித்து, விளக்குமாற்றால் பெருக்க வேண்டும். பிள்ளையையும் தாயையும் வருத்தும் காட்டுத் தெய்வம் உள்ளே நுழையாமல் இருக்க அதுதான் காவல். மாடி அறைக்கு வாசற்படி ஏது? இரண்டு குழந்தைகளும் பெயர் வைக்கும் நாள்வரைகூட இருக்கவில்லை. மூன்றாவதைச் சொந்த வாசலுக்குள்தான் பெறுவேன் என்று சொல்லித்தான் ராபிரியா இந்த வீட்டை வாங்க வைத்தாள்.

கதவு கெட்டுப்போனது வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலை விற்கும் ஸ்காப்டியஸுக்குக் கண் நன்றாகத் தெரியும். அவன் ஒரு நாள் கடையை மூடிவிட்டு மலையேறிப் போய்த் தெய்வ காரியக் கழகத்தில் சொல்லிவிட்டான்.

அந்தக் கழகம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாட்டில் எங்காவது வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தால், அது தெய்வங்கள் கோபமாக இருப்பதன் அறிகுறி. யாராவது வந்து சொன்னதும், அது பொது அறிகுறியா தனியார் அறிகுறியா, எந்தத் தெய்வத்தின் கோபம், என்ன பரிகாரம் என்று கழகம் தீர்மானிக்கும். கார்த்தேஜோடு சண்டை நடந்த வருஷங்களில் கழகத்துக்கு மூச்சு விட நேரமில்லை. கல்மழை பெய்தது, எருது பேசியது, கேடயங்கள் வியர்த்தன. சண்டை முடிந்து இரண்டு வருஷமாகிறது. பதினாறு மாதமாக ஒரு கன்றுக்குட்டிகூட இரண்டு தலையோடு பிறக்கவில்லை. கழகத்தார் காலையில் வந்து உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விளையாட்டரங்கின் முன்வரிசை இருக்கைகள் இவர்களுக்கு எதற்கு என்று ஊரில் சிலர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த நிலைமையில்தான் ஒரு கதவு தானாகத் திறந்தது.

மூன்றாம் நாள் ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் இரண்டு பேர். ஒருவர் மெடுல்லியஸ், மேலாடையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டிருந்தார். மற்றவர் சலோனியஸ், வெறுந்தலை, அதில் ஒரு புன்னை இலை மாலை. கழகம் இரண்டாகப் பிரிந்து கிடந்ததே இந்தத் தலை விஷயத்தில்தான். முன்னோர்கள் முக்காடு போட்டுத்தான் கும்பிட்டார்கள் என்பது மெடுல்லியஸின் கட்சி. தெற்கே கிரேக்க ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த பெரிய தெய்வங்களுக்கு வெறுந்தலைதான் மரியாதை என்பது சலோனியஸின் கட்சி. ஒரு கட்சி பூசை செய்தால் அதில் பிழை கண்டுபிடிப்பது மற்ற கட்சியின் வேலை. இந்த ஒழுங்கில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

“கதவு எந்தப் பக்கமாத் திறக்குது?” என்றார் மெடுல்லியஸ்.

“உள்பக்கமாங்க.”

மெடுல்லியஸின் முகம் வாடியது. “உள்பக்கம்னா தனியார் அறிகுறி. அரசு ஏத்துக்காது. உன் வீட்டுக்குள்ள ஆடு பாட்டுப் பாடினாலும் அது உன் தலைவலி.”

“ரொம்ப நல்லதுங்க” என்றான் பக்கியஸ். தொப்பிப் பஞ்சு அதற்குள் பாதி தெருவுக்குப் போயிருந்தது.

“அவசரப்படாதீங்க” என்றார் சலோனியஸ். “திறக்கும்போது ஏதோ சத்தம் வருதுன்னாங்களே. அது எங்க வரைக்கும் கேக்குது?”

“என் கடை வரைக்கும் கேக்குதுங்க” என்றான் ஸ்காப்டியஸ். “தெருவத் தாண்டி.”

“தெரு யாருது?”

“ரோமானிய மக்களுதுங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதான். “எழுதிக்கோ” என்றார் மெடுல்லியஸ் எழுத்தரிடம். “திறப்பு தனியார். கிரீச்சு பொது.”

கிரீச்சு பொது ஆனதும் பல காரியங்கள் தாமாகவே நடந்தன. கதவில் சிவப்புக் கம்பளிக் கயிறு கட்டப்பட்டது. பரிகாரம் முடியும்வரை மனிதர் யாரும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. கதவு எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். அது தெய்வத்தின் உரிமை. ஜூன் முதல் தேதி கதவு சுழலும் மரமுளையான குடுமியைக் காக்கும் தெய்வத்தின் நாள். அதற்குள் விஷயம் தீராவிட்டால், இடி விழுந்த இடத்தைச் சுற்றி எழுப்புவதைப் போல வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பப்படும். பிறகு அதற்குள் யாரும் குடியிருக்க முடியாது.

“அப்ப நாங்க எப்படிங்க போறது வர்றது?”

“சன்னல் இருக்குல்ல.”

ராபிரியா உள்ளேயிருந்து வந்து சன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். சன்னல் ஒரு ரொட்டித் தட்டின் அகலம். “ஐயா, இது வழியா நான் எப்படிப் போவேன்? என்னைப் பாருங்க.”

மெடுல்லியஸ் பார்த்தார். “கர்ப்பம் வேற பிரிவும்மா” என்றார் கனிவாக. “முதல் அழுகைக்கு ஒரு தெய்வம், தொட்டிலுக்கு ஒரு தெய்வம், எலும்புக்கு ஒண்ணு. அந்தப் பிரிவுக்காரர் இன்னிக்கு வரல.”

“பிள்ளை பிறந்தா படியில கோடாலி போடணுமே, அது போடலாமா?”

இந்தக் கேள்வி மெடுல்லியஸை உண்மையாகவே மகிழ்வித்தது. “நல்லாக் கேட்ட. படியில ஒரு தெய்வம் விசாரணையில இருக்கும்போது அது தலையில கோடாலி போடுறது எப்படி? அதையும் சேத்து எழுதிக்கோப்பா. கோடாலி, உலக்கை, விளக்குமாறு மூணும் நிறுத்திவைப்பு.”

அன்றிலிருந்து பக்கியஸ் உடம்பை ஒடுக்கிக்கொண்டு சன்னல் வழியே ஏறி இறங்கினான். வாடிக்கைக்காரர்கள் சன்னலில் தலையை நீட்டித் தொப்பியைப் போட்டுப் பார்த்தார்கள். ராபிரியா வீட்டுக்குள்ளேயே அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். கதவு தினமும் திறந்தது, தெருவைக் காட்டியது, அவள் தாண்டவில்லை.

முதல் பரிகாரப் பூசை மே மாதம் ஒன்பதாம் தேதி நடந்தது. நடத்தியது முக்காட்டுக் கட்சி. பூசை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான்: ஒரு சொல் பிசகினாலும், நடுவில் தீய சத்தம் ஒன்று கேட்டாலும், முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். புதுப் பன்றியோடு. தீய சத்தம் காதில் விழாமல் இருப்பதற்காகத்தான் குழல்காரனை வைத்துப் பூசை முழுவதும் ஊதச் சொல்வார்கள்.

மெடுல்லியஸ் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, சுருளைப் பார்த்துப் படித்தார். “இந்தக் கதவைத் திறக்கும் தெய்வமே, நீ ஆணோ, பெண்ணோ, எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்பினாலும்…”

கிரீச்.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவு நிதானமாகத் திறந்தது.

“கேட்டுச்சு” என்றார் சலோனியஸ், தெருவின் மறுபக்கத்திலிருந்து.

இரண்டாவது பன்றி கொண்டுவரப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. குழல்காரனிடம் பலமாக ஊதச் சொன்னார்கள். அவன் கன்னம் உப்ப ஊதினான்; தெருநாய்கள் ஓடின. “நீ ஆணோ, பெண்ணோ…”

கிரீச்.

“கேட்டுச்சு.”

“இந்த இரைச்சல்ல உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“நான் காத வச்சுக் கேக்கல. மனசால கேக்குறேன். தென்னாட்டுல அப்படித்தான்.”

பக்கியஸ் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். “ஐயா, நான் வேணும்னா கதவப் பிடிச்சுக்கவா? படிச்சு முடிக்கிற வரைக்கும்.”

மெடுல்லியஸ் முக்காட்டுக்குள்ளிருந்து அவனை முறைத்தார். “தெய்வத்தக் கைய முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கச் சொல்றியா?”

அன்று ஆறு பன்றிகள் போயின. எந்தக் கிரீச்சுக்காகப் பூசையோ அந்தக் கிரீச்சே பூசையைக் கெடுத்தது. பூசை கெட்டது புதிய அறிகுறி ஆனது. அந்த அறிகுறியைப் பற்றிக் கழகம் தனியாகக் கூடியது. விளையாட்டரங்கின் முன்வரிசை இருக்கைகளைப் பற்றி அந்த வாரம் யாரும் பேசவில்லை.

கூட்டத்துக்குப் பக்கியஸும் வர வேண்டியிருந்தது, கதவின் சொந்தக்காரன் என்ற முறையில். கேள்வி இதுதான்: எந்தத் தெய்வம்? கதவுப் பலகைக்கு ஒருவர், குடுமிக்கு ஒருவர், வாசற்படிக்கு ஒருவர் என்று ஒரு கதவுக்கு மூன்று தெய்வங்கள் பட்டியலில் இருந்தார்கள். மூவருக்கும் முகம் கிடையாது, உருவம் கிடையாது, வேலை மட்டும் உண்டு.

“அதான் பிரச்சினையே” என்று சலோனியஸ் எழுந்தார். “நம்ம தெய்வங்களப் பாருங்க. விதைக்கிறதுக்கு ஒண்ணு, களை பிடுங்க ஒண்ணு, தானியத்தக் கட்டிவைக்க ஒண்ணு. கூலியாட்கள் மாதிரி. ஒருத்தருக்காவது அப்பா உண்டா? கல்யாணம் உண்டா? ஒரு சின்னக் கள்ளக்காதல்? கிரேக்கர்கள் வந்து நம்ம வானத்துத் தலைவனுக்கு ஒரு மனைவியையும் சண்டையையும் கொடுத்த பிறகுதான் எனக்கு அவர்கிட்ட ஒரு நெருக்கமே வந்துச்சு.”

“வேலை இருக்கறவனுக்குக் கதை எதுக்கு?” என்றார் மெடுல்லியஸ். “வேலை இல்லாதவன்தான் குடும்பப் பெருமை பேசுவான். இதோ இருக்கீங்களே.”

சலோனியஸ் அதைக் காதில் வாங்காமல், தாரெந்தும் ஊரிலிருந்து தாம் கூலிக்கு வைத்திருந்த நிகோன் என்ற கிரேக்கனை முன்னால் தள்ளினார். அவன் கையில் சுருள் இருந்தது. கண்ணில் தூக்கம் இருந்தது.

“சொல்லு. கதவுத் தெய்வத்தோட அப்பா யாரு?”

“காலைல கடல்தெய்வம்னு முடிவு பண்ணேங்க” என்றான் நிகோன். “சாப்பிட்டப்புறம் பாத்தா ஆத்துத் தெய்வம்தான் பொருத்தமாத் தெரியுது. எது வேணும்னாலும் சொல்லுங்க, மாத்திக்கலாம்.”

“உங்க ஊர்ல கதவுக்குச் சாமி உண்டா?” என்று மெடுல்லியஸ் கேட்டார்.

“எங்க ஊர்ல கதவுக்குத் தச்சன்தாங்க உண்டு.”

இது குறிப்பில் ஏறவில்லை.

தீராத வழக்கு வந்தால் கழகத்தில் ஒரு கல்பெட்டி உண்டு. அதில் பழைய கிரேக்கச் செய்யுள் ஏடுகள். யாருக்கும் முழுவதும் புரியாது. அதனால்தான் யாரும் மறுப்பதில்லை. ஏட்டைக் கண்ணை மூடிப் பிரித்து, விரல் வைத்த இடத்தை நிகோன் வாசித்தான்: ‘அடைத்தது திறக்கும், சாய்ந்தவர் உண்பார்.’

“சாய்ந்தவர் உண்பார்” என்று சலோனியஸ் கைதட்டினார். “விருந்து. மஞ்சத்துல தெய்வத்தச் சாய வச்சு, முன்னால சாப்பாடு வைக்கிறது. தெற்குல இருந்து வந்த முறை. சிலை நான் செய்யச் சொல்றேன்.”

“சிலையா? முகம் இல்லாத தெய்வத்துக்கு நீங்க மூக்கு வைக்கப் போறீங்களா? என் பிணத்த மிதிச்சுட்டு வைங்க.”

இரண்டு நாள் பேசினார்கள். மஞ்சம் உண்டு, சிலை இல்லை என்று முடிவானது. சிலை இல்லாமல் மஞ்சத்தில் யாரைச் சாய வைப்பது? பக்கியஸ் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு எழுந்து நின்று, பிறகு தூணைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது தீர்மானம் வாசிக்கப்பட்டது. கதவையே கழற்றி மஞ்சத்தில் சாய வைப்பது.

பக்கியஸ் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான். “என்னைக்கு?” என்றாள் ராபிரியா.

“முப்பதாம் தேதி.”

“எனக்கு ஒண்ணாம் தேதி வாக்குலன்னு மருத்துவச்சி சொல்றா. சுவரும் ஒண்ணாம் தேதி. யாரு முந்துவாங்கன்னு பாப்போம்.”

அவள் சிரிக்க முயன்றாள். கை மட்டும் கட்டில் விளிம்பை விடவில்லை.

மே முப்பதாம் தேதி நடுப்பகலில் தெரு நிறைந்திருந்தது. ஊதா விரிப்புப் போட்ட மஞ்சம் வீட்டுக்கு எதிரில் வந்து இறங்கியது. கழகத்தின் ஏவலாட்கள் நான்கு பேர் கதவை நிலையிலிருந்து தூக்கிக் கழற்றி அதன்மேல் கிடத்தினார்கள். உடனே பிரச்சினை வந்தது. விருந்தில் இடது முழங்கையை ஊன்றித்தான் சாய வேண்டும். கதவுக்கு இடது எது? குடுமிப் பக்கம்தான் தோள் என்றார் மெடுல்லியஸ். தாழ்ப்பாள் பக்கம்தான் கை என்றார் சலோனியஸ், பிடிப்பது கைதானே. அதன் தலையை மூடுவதா, திறந்து வைப்பதா என்பது அடுத்தது. பக்கியஸிடம் ஒரு தொப்பி கேட்டு வாங்கி, கதவின் மேல்விளிம்பில் பாதி மூடியும் பாதி மூடாமலும் சாய்த்து வைத்தார்கள். இரண்டு கட்சிக்கும் திருப்தி. பன்றிக் கொழுப்பு போட்ட மொச்சைக் கஞ்சி வந்தது. வாய் எது என்று பார்த்து, தாழ்ப்பாள் துவாரத்துக்கு எதிரில் கிண்ணத்தை வைத்தார்கள். ஸ்காப்டியஸ் பக்கத்தில் நின்று கடலை விற்றான்.

பக்கியஸ் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவன் கதவில்லாத தன் நிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். வீடு வாங்கியதிலிருந்து அந்த நிலையைக் கதவில்லாமல் அவன் பார்த்ததே இல்லை.

குனிந்து பார்த்தான். கதவு கீல்களில் தொங்குவதில்லை. அதன் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மரக் குடுமிகளில் சுழல்கிறது. கீழ்க்குடுமி படிக்கல்லில் வெட்டிய குழிக்குள் நிற்கும். மேல்குடுமி நிலையின் உத்தரக் குழிக்குள். படிக்கல்லின் குழி ஒரு காலத்தில் வட்டமாக இருந்திருக்கும். இப்போது தெருப் பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. அவன் அதில் விரலை விட்டுச் சுற்றினான். பிறகு ஒரு தொப்பி நூலை எடுத்து, நுனியில் கல்லைக் கட்டி, மேல்குழியிலிருந்து தொங்க விட்டான். கல் ஆடி ஆடி நின்றது. கீழ்க்குழிக்கு மேலே நிற்கவில்லை. அதற்கு இரண்டு விரல் உள்ளே, வீட்டுப் பக்கமாக நின்றது.

மார்ச் மழை படிக்கல்லின் அடியிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. கல் தெருப் பக்கமாக இறங்கி நகர்ந்திருந்தது. கதவின் கால் தெருவை நோக்கி, தலை வீட்டை நோக்கி. சாய்ந்து நிற்கும் கதவு எப்போதும் தன் பள்ளத்தைத் தேடும். இந்தக் கதவின் பள்ளம் வீட்டுக்குள் இருந்தது. எண்ணெய் போட்டால் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

இரண்டரை மாதத்தில் முதல்முறையாகப் பக்கியஸ் ஒரே இடத்தில் அசையாமல் நின்றான். பிறகு ஓடினான்.

“ஐயா, கண்டுபிடிச்சிட்டேன். கல்லு இறங்கியிருக்கு. தூக்கி வச்சாப் போதும்.”

மெடுல்லியஸ் அவனை மஞ்சத்திலிருந்து ஓரமாக அழைத்துப் போனார். குரலில் கோபமே இல்லை, அக்கறைதான் இருந்தது.

“தம்பி, கொஞ்சம் பொறுமையா யோசி. கல்லு இறங்கினதுதான் காரணம்னா, கல்லத் தூக்கி வச்சா முடிஞ்சுது. அப்ப ஆறு பன்றி எதுக்குச் செத்துச்சு? அதுங்களுக்கு நீ பதில் சொல்லுவியா? இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் தன் வீட்டுக் குழியில விரல விட்டுப் பாக்க ஆரம்பிச்சா, அப்புறம் எங்ககிட்ட யாரு வருவா? நான் எனக்காகச் சொல்லல. தெய்வங்களுக்குத் துணை வேணும்ல.”

“கல்லத் தூக்கட்டுமாங்க, வேண்டாமாங்க?”

“அதுக்குத் தீர்மானம் ஆயிடுச்சு.” எழுத்தர் வாசித்தார். விருந்து முடிந்ததும் கதவு மீண்டும் மாட்டப்படும். தானாகத் திறந்தால் தெய்வம் இருக்கிறது. தெய்வம் இருப்பதால் அந்த வீடு கோயில். கோயிலில் பிரசவம் கூடாது. திறக்காவிட்டால் தெய்வம் கோபித்துக்கொண்டு போய்விட்டது; கோபித்த இடத்தைச் சுற்றி நாளை மறுநாளே சுவர்.

“ரெண்டுலயும் நாங்க வெளியதானா?”

“ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்ட தீர்மானம்பா” என்றார் சலோனியஸ் பெருமையோடு. “ஒரு திருத்தம்கூட இல்லாம. நாப்பது வருஷத்துல முதல் தடவ.”

வாசலில் சலசலப்பு கேட்டது. ராபிரியா நிலையைப் பிடித்தபடி படியின் உள்பக்கத்தில் நின்றிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. பின்னால் மருத்துவச்சி அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, ஒரு சந்தேகம்” என்றாள். “தெய்வம் கதவுல இருக்கா, வாசல்ல இருக்கா?”

மெடுல்லியஸ் தாடையைத் தடவினார். “அது ஆழமான கேள்வி. ஒரு கூட்டம் போட்டுத்தான்…”

“இப்ப யாருக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்கீங்க?”

தெரு முழுவதும் மஞ்சத்தைப் பார்த்தது. கஞ்சியில் ஆவி வந்துகொண்டிருந்தது. கதவில் தெய்வம் இல்லை என்றால், கழகம் ஒரு பலகைக்கு மொச்சை ஊட்டிக்கொண்டிருக்கிறது.

“கதவுலதான்” என்றார் சலோனியஸ்.

“கதவுலதான்” என்றார் மெடுல்லியஸ், கொஞ்சம் தாமதமாக. “ஆனா வாசற்படித் தெய்வமும்…”

“வாசற்படி இதுவரைக்கும் ஏதாவது பேசிச்சா? ஒரு கிரீச்சு? புகார் இருந்தாப் படிக்கச் சொல்லுங்க.”

எழுத்தர் பலகைகளைப் புரட்டினார். “படி பேர்ல புகார் ஒண்ணும் இல்லீங்க.”

ராபிரியா பல்லைக் கடித்து ஒரு வலியைப் போக விட்டாள். பிறகு சொன்னாள்: “அப்படின்னா அந்தக் கதவ நாங்க காணிக்கையாக் கொடுத்துர்றோம். மலைமேல உங்க கழகத்துக்கே. இவ்வளவு பெரிய தெய்வம் எங்கள மாதிரித் தொப்பிக்காரன் வீட்டுல இருக்கறது மரியாதை இல்ல. ஏங்க, சொல்லுங்க.”

பக்கியஸுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மனமுவந்து கொடுக்கும் காணிக்கையை மறுக்கக் கழகத்துக்கு உரிமை இல்லை. அவர்கள் எழுதிய விதிகளிலேயே பழையது அது. அவன் மஞ்சத்தருகே போய்க் கதவின்மேல் கை வைத்து, வாசகத்தைச் சொன்னான். நீ ஆணோ, பெண்ணோ என்று தொடங்கி, இந்தக் கதவு இனி என்னுடையது அல்ல, உன்னுடையது என்பதுவரை. ஒரு சொல் பிசகவில்லை. குழல்காரன் ஊதாமலே தெரு அமைதியாக இருந்தது. கிடத்திய கதவு கிரீச்சிடுவதில்லை.

“கேட்டுச்சா?” என்று மெடுல்லியஸ் சலோனியஸிடம் கேட்டார்.

சலோனியஸ் கவனமாகக் காது கொடுத்தார். “இல்ல” என்றார், மனத்தாங்கலோடு.

கதவை மஞ்சத்தோடு தூக்கினார்கள். தெய்வம் கதவோடு போனதால், சுவருக்கும் தடைகளுக்கும் அந்த வீட்டில் இனி காரணம் இல்லை. தலை முன்னால் போக வேண்டுமா கால் முன்னால் போக வேண்டுமா என்ற பேச்சு தெருமுனைவரை கேட்டது, மலையேறும் வழியிலும் கேட்டது. அந்தக் கதவு இப்போதும் கழகத்தின் கூடத்தில் சுவரோரமாகக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை மொச்சைக் கஞ்சி வைக்கிறார்கள். அது ஏன் இப்போதெல்லாம் திறப்பதில்லை என்பதை விசாரிக்கத் தனியாக ஒரு குழு இருக்கிறது. நிகோன் அதற்கு இரண்டு அப்பாக்களும் ஒரு கைவிடப்பட்ட காதலியும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குக் கப்பலேறிவிட்டான்.

பக்கியஸ் மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தச்சனை இழுத்து வருவதற்குள் ராபிரியா கட்டிலுக்குப் போய்விட்டாள். தச்சன் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்தான். பக்கியஸும், வேறு வழியில்லாமல் ஸ்காப்டியஸும் கல்லைத் தாங்கிப் பிடித்தார்கள். உள்ளேயிருந்து ஒவ்வொரு முறை சத்தம் வரும்போதும் பக்கியஸின் கை நழுவியது.

“கல்லப் பாருங்க அண்ணே” என்றான் தச்சன். “அங்க உங்களுக்கு வேலை இல்ல.”

“உன்னாலதான்டா இவ்வளவும்” என்று பக்கியஸ் ஸ்காப்டியஸிடம் சொன்னான்.

“நான் என்ன பண்ணேன்? கேட்டதத்தான சொன்னேன்.”

“கல்லப் பிடி.”

பொழுது சாய்வதற்குள் தச்சன் கொண்டுவந்த புதுக் கதவு நின்றது. மருத்துவச்சி வெளியே தலையை நீட்டிப் பெண் என்றாள். அவள் சொல்வதற்கு முன்பே முதல் அழுகையைத் தெரு கேட்டிருந்தது. மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். பக்கியஸ் கோடாலியால் படியை ஒரு வெட்டு வெட்டினான். தச்சன் உலக்கையால் இடித்தான். ஸ்காப்டியஸ் விளக்குமாற்றால் பெருக்கினான், இரண்டு தடவை.

பக்கியஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடவில்லை. கட்டிலருகே வந்து உட்கார்ந்தான். எட்டாம் நாள் பெயர் வைக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை என்று தோன்றியது.

“சாத்தியிருக்கா?” என்று ராபிரியா கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“சாத்தியிருக்கு.”

“நிக்குதா?”

“நிக்குது. படிக்கல்லத் தெருப் பக்கம் ரெண்டு விரல் தூக்கி உள்ள தள்ளி, அடியில சரளை போட்டு இடிச்சோம். மேல்குழியில இருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாத்து, அது கீழ்க்குழிக்கு நடுவுல நிக்கிற மாதிரி வச்சோம். தேஞ்ச குழியில ஒரு வெண்கலக் கிண்ணத்தப் பதிச்சு, குடுமிய அதுல நிறுத்தினோம். இனிமே கதவு விட்ட இடத்துல நிக்கும்.”